சர்வேயில் நாங்கள் முதலிடம், கடையில் கடைசி இடம்: எங்கே தப்பு?

பொடிக்காரன் | கரூர்

எல்லோருக்கும் வணக்கம். கரூரில் சின்ன அளவில் சாம்பார் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுகிறோம். அப்பா காலத்துத் தொழில். கரூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் கடைகளுக்குச் சரக்கு போகிறது.

போன மாதம் எம்பிஏ படிக்கிற பிள்ளைகள் சிலர் புராஜெக்ட் என்று வந்தார்கள். சாப்பாடும் பெட்ரோலும் கொடுத்தால் போதும், உங்கள் பிராண்டுக்கு ஒரு சர்வே எடுத்துத் தருகிறோம் என்றார்கள். 300 பேரிடம் கேட்டார்கள். "உங்களுக்கு மிகவும் பிடித்த சாம்பார் பொடி எது?" என்ற கேள்விக்கு 102 பேர் எங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். டிவியில் விளம்பரம் வருகிற ஒரு பெரிய பிராண்டுக்கு 87. மீதி உதிரி. அதாவது ஊரில் நாங்கள்தான் நம்பர் ஒன்!

வீட்டில் கேசரி கிண்டாத குறை. அப்புறம்தான் கடை கடையாகச் சரக்கு போடும் லைன் வண்டியில் போகிற பையன் தன் நோட்டைக் காட்டினான். அந்தப் பெரிய பிராண்ட் பத்துச் சரம் போகிற கடையில் எங்களுடையது இரண்டு சரம் போனால் அதிகம்.

ஜனங்கள் பொய் சொன்னார்களா? இல்லை, பிள்ளைகள் ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பிவிட்டார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

புள்ளியியல் வாத்தியார் | திருச்சி

முதலில் கணக்கை முடித்துவிடுவோம். 102 என்றால் 34%, 87 என்றால் 29%. 300 பேரை முறைப்படி குலுக்கல் போட்டு எடுத்திருந்தாலும் உங்கள் 34 என்பது ஐந்து புள்ளிக்குச் சற்றுக் கூடவே மேலும் கீழும் ஆடும். இரண்டு பிராண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்னும் அதிகம் ஆடும். ஒரே கூட்டத்தில் உங்களுக்கு ஒரு ஆள் கூடினால் அங்கே ஒரு ஆள் குறையலாம் அல்லவா? போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 9 புள்ளி வருகிறது. உங்கள் இடைவெளியோ வெறும் 5. ஆக, 'நம்பர் ஒன்' என்று சொல்லிக்கொள்ள இந்த எண்களுக்கே தெம்பு இல்லை.

ஆனால் பத்துக்கு இரண்டு என்கிற பள்ளத்தை இந்த ஆட்டம் மட்டும் விளக்காது. அது தற்செயல் பிழை இல்லை, ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை. யாரிடம் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள்?

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடி அட்டை அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்டதை எண்ணி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரி எடுத்ததில் பெரும்பங்கு டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவுப் பட்டியலிலும். பொருளாதார மந்த காலத்தில் இவை இரண்டும் யாரிடம் இருந்திருக்கும்? போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் வேறு ரகம். சுமார் ஐம்பதாயிரம் பேரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் கேலப், ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார்.

அண்ணாச்சி கடை | சென்னை

தம்பி, சர்வேயெல்லாம் எனக்குத் தெரியாது. முப்பது வருசமாகக் கல்லாவில் இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிராண்டே சொல்வதில்லை. "சாம்பார் பொடி பத்து ரூபா பாக்கெட் ரெண்டு" என்பார்கள். கைக்கு எது முதலில் எட்டுகிறதோ அந்தச் சரத்தில் கிழிப்பேன். ஆயிரத்தில் ஒருவர்தான் "இது வேணாம் அண்ணாச்சி, அது குடுங்க" என்பார்.

பிராண்ட் பேரைச் சொல்கிறவர்கள் கதை வேறு. "கோல்கேட் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வேறொரு பேஸ்ட்டை வாங்கிப் போவார்கள். துணி துவைக்கிற தூள் எல்லாமே சர்ஃப். வனஸ்பதி எல்லாமே டால்டா. அவர்களிடம் போய் "எந்த பிராண்ட் பிடிக்கும்" என்று கேட்டால் என்ன வரும்?

உங்கள் சரக்கு கடையில் எந்த ஆணியில் தொங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

ஃபீல்டு அக்கா | மதுரை

அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. 14 வருசம் வீடு வீடாகக் கேள்வித்தாள் தூக்கியவள் நான், இப்போது டேப்லெட் தூக்குகிறேன். பொடிக்கார அண்ணா, அந்தப் பிள்ளைகள் பயன்படுத்திய படிவத்தை இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் பேசுவது நாடி பார்க்காமல் மருந்து சொல்கிற மாதிரி.

அதற்குள் ஒரு சம்பவம். ஒரு சலவைத் தூள் சர்வே. மத்தியானம் இரண்டு மணி, குழாயடியை ஒட்டிய வீடு. "என்ன தூள் பயன்படுத்துறீங்க?" பட்டென்று ஒரு பெயர் சொன்னார் அந்த அம்மா. "எத்தனை நாளா?" "கல்யாணம் ஆன நாள்லேருந்து." அந்தச் சர்வேயில் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று உத்தரவு. "கொஞ்சம் பாக்கெட்டைக் காட்டுங்கம்மா" என்றேன். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவரே திருப்பிப் பார்த்து நின்றுவிட்டார். "அட, இதுவா இருக்கு? இத்தனை நாளா அதுன்னுல்ல நெனச்சேன்!" வாங்கி வருகிறவர் அவர் வீட்டுக்காரர். கடையில் எது கொடுக்கிறார்களோ அது.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நாவில் ஒரு பெயர், அலமாரியில் ஒரு பெயர். சர்வேக்காரர்கள் முதலில் பிடிப்பது நாவில் இருப்பதை. 'டாப் ஆஃப் மைண்ட்' என்று அதற்குத் தனிக் கட்டமே உண்டு. அது ஞாபகத்தின் அளவு. அதை விருப்பத்தின் அளவு என்று எடுத்துக்கொண்டால் கதை கந்தல்.

பொடிக்காரன் | கரூர்

அக்கா, படிவத்தைத் தேடிப் பிடித்தேன். படம் ஏற்ற முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கேள்வி 3: "கரூரின் பாரம்பரியப் பொடி நிறுவனமான (எங்கள் பெயர்) பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

கேள்வி 4: "கீழ்க்கண்டவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த சாம்பார் பொடி எது?" அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து பெயர். அ-வில் எங்கள் பெயர்.

வாத்தியார் சார் கேட்டதற்குப் பதில்: பேருந்து நிலையத்திலும் ஒரு பொருட்காட்சியிலும் கேட்டார்களாம். பொருட்காட்சியில் எங்கள் ஸ்டாலும் இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீங்க. பிள்ளைகள் பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் எங்கள் கம்பெனி டீ-ஷர்ட் வாங்கிக் கொடுத்தேன்.

ஃபீல்டு அக்கா | மதுரை

அண்ணா!!! மாப்பிள்ளை வீட்டுக்காரரே நேரில் வந்து "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டால் யார் குறை சொல்வார்கள்? வெயிலில் நிற்கிற பிள்ளை, நெஞ்சில் உங்கள் பெயர், முகத்தைப் பார்த்தால் பாவம். ஒரு டிக்தானே, போட்டுவிட்டுப் போவோம் என்றுதான் தோன்றும்.

கேள்வி 3 அதைவிட மோசம். பெயரை நீங்களே காதில் போட்டுவிட்டு அடுத்த நிமிடம் "எது பிடிக்கும்" என்கிறீர்கள். நாங்கள் எப்போதும் முதலில் எதையும் சொல்லாமல், காட்டாமல் கேட்போம்: "சாம்பார் பொடி என்றதும் என்னென்ன பெயர் நினைவுக்கு வருகிறது?" முதலில் வந்த பெயருக்குத் தனிக் கட்டம், அடுத்தடுத்து வந்தவற்றுக்குத் தனிக் கட்டம். அவர் வாயில் இனி வராது என்று தெரிந்த பிறகே பெயர்கள் அச்சடித்த அட்டையை நீட்டி "இதில் எதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்". வரிசை மாறினால் அந்தத் தாளே செல்லாது.

அட்டையிலும் பெயர் வரிசை ஆளுக்கு ஆள் சுழல வேண்டும். அட்டையைக் கையில் கொடுத்தால் மேலே இருக்கிற பெயருக்குச் சாய்வு வரும். நாம் வாயால் படித்தால் கடைசியாகக் காதில் விழுந்ததற்குச் சாய்வு வரும். காகிதக் காலத்தில் மேற்பார்வையாளர் ஒவ்வொரு தாளிலும் பேனாவால் ஒரு பெயருக்குப் பக்கத்தில் குறி போட்டுத் தருவார், அங்கிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். இப்போது டேப்லெட்டே சுழற்றிவிடுகிறது.

ஏஜென்சிக்காரன் | கோவை

விளம்பரத் துறையில் இருபது வருடம். இந்தச் சர்வே மேல் எனக்கு நம்பிக்கையே கிடையாது. 1985இல் கோக்க-கோலா கம்பெனி மக்களை ஒரு வார்த்தை கேட்காமல் சுவையை மாற்றி வாங்கிக்கட்டிக்கொண்டது. கேட்டிருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும். மக்களுக்கு என்ன பிடிக்கும் என்று மக்களுக்கே தெரியாது. ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்." மற்றதெல்லாம் காகித விரயம்.

புள்ளியியல் வாத்தியார் | திருச்சி

ஏஜென்சி சார், மன்னிக்கணும், கோக் கதை தலைகீழாக இருக்கிறது. அவர்கள் கேட்காமல் இல்லை. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்கு ருசி பார்க்கக் கொடுத்துக் கேட்டார்கள். 1975 முதல் பெப்சிக்காரர்கள் பெயர் மறைத்த கோப்பைகளை நீட்டி 'பெப்சி சேலஞ்ச்' நடத்தி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பதிலுக்குத்தான் இனிப்புக் கூடிய புதுக் கலவை. பெயர் மறைத்த சோதனையில் அது பழைய கோக்கையும் பெப்சியையும் ஜெயித்தது. 1985 ஏப்ரல் 23 அன்று அறிமுகம். ஜூலை 11 அன்று பழையது திரும்பி வந்தது. இடையில் 79 நாள் வசவு.

அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. ஒரு மடக்கு குடித்தால் இனிப்பானது ஜெயிக்கும் என்பதை அது சரியாகவே அளந்தது. ஆனால் ஒரு மடக்கு வேறு, வீட்டில் வைத்து முழு பாட்டில் குடிப்பது வேறு. அதைவிட, "இது வந்தால் பழையது போய்விடும், சம்மதமா?" என்பதைக் கோப்பையிடம் கேட்க முடியாது. பெயரை மறைத்துவிட்டுப் பெயர் மீதுள்ள பாசத்தை எப்படி அளப்பது?

2004இல் ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதையே மூளை ஸ்கேனோடு செய்தார்கள். பெயர் தெரியாதபோது ஆட்கள் கோக், பெப்சி என்று ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தார்கள். கோக் என்று பெயர் தெரிந்ததும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது, மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் சேர்ந்து வேலை செய்தன. பெப்சியின் பெயருக்கு அந்த அளவு விளைவு இல்லை.

பொடிக்காரருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஒரே சாம்பாரைப் பாதிப் பேருக்குப் பெயர் சொல்லியும் பாதிப் பேருக்குச் சொல்லாமலும் கொடுத்து மதிப்பெண் வாங்குங்கள். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பெயரின் எடை. அது பூஜ்யமாக வந்தாலும் அதிர வேண்டாம்.

ஃபீல்டு அக்கா | மதுரை

0 முதல் 10 கேள்வி பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் 9, 10 போட்டவர் மட்டுமே ஆதரவாளர், 7ம் 8ம் கணக்கில் சேராது, 6ம் அதற்குக் கீழும் எதிராளி. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு வாங்கினால் மிட்டாய் கொடுப்பார்கள். "நல்லா இருக்கும்மா, எட்டு போட்டுக்கோ" என்று மனதாரச் சொன்ன அம்மாக்கள் எத்தனை பேர்! அவர்களெல்லாம் கணக்கில் காணாமல் போகிறார்கள். இன்னொரு பக்கம், எது கேட்டாலும் பத்து போடுகிறவர்கள். எனக்குச் சம்பளம் குறையுமோ என்ற கரிசனம்.

ஏஜென்சிக்காரன் | கோவை

கோக் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன் வாத்தியாரே. ஆனால் அந்த ஒற்றைக் கேள்வியை நான் விடமாட்டேன். 2003இல் மேலாண்மை ஆலோசகர் ரெய்க்ஹெல்ட் அதைப் பற்றி எழுதியதிலிருந்து எத்தனை பெரிய கம்பெனிகள் அதை வைத்து ஓடுகின்றன!

புள்ளியியல் வாத்தியார் | திருச்சி

போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் அதே முறையில் ஒப்பிடப் பயன்படும், சரி. பத்து ரூபாய் சாம்பார் பொடியை யார் யாருக்குப் பரிந்துரைக்கப் போகிறார்கள்?

சின்ன பிராண்டுக்கு இன்னொரு தொந்தரவும் இருக்கிறது. 1963இல் மெக்ஃபீ என்பவர் கவனித்தார், பின்னால் சந்தை ஆய்வாளர் ஏரன்பெர்க் பல பொருள்களின் கொள்முதல் கணக்கை வைத்து விரிவாகக் காட்டினார்: சின்ன பிராண்டை வாங்குகிற ஆட்கள் குறைவு, அந்தக் குறைந்த ஆட்களும் பெரிய பிராண்டை வாங்குகிறவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே திரும்ப வாங்குகிறார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு தண்டனை. "எங்களை வாங்குகிறவர் கொஞ்சம் பேர்தான், ஆனால் உயிரை விடுவார்கள்" என்று ஒவ்வொரு சின்ன முதலாளியும் நம்புகிறார். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அதனால்தான் விற்பனை ஐந்தில் ஒன்றாக இருக்க, விருப்பம் மட்டும் முதலிடம் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அண்ணாச்சி கடை | சென்னை

ஏ அப்பா, சாம்பார் பொடிக்கு மூளை ஸ்கேனா!

பொடிக்காரன் | கரூர்

😀 அண்ணாச்சி, எங்களுக்கு ஸ்கேன் கட்டுப்படி ஆகாது. சரி, நான் என்ன கேட்க வேண்டும், அதைச் சொல்லுங்க. செலவு செய்ய முடியாது, நானும் என் வீட்டுக்காரம்மாவும்தான் போக முடியும்.

ஃபீல்டு அக்கா | மதுரை

நீங்கள் போகாதீர்கள், ஊரில் உங்களை எல்லோருக்கும் தெரியும். வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேரை அனுப்புங்கள். டீ-ஷர்ட் வேண்டாம்!

வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், கடைக்கோ ஸ்டாலுக்கோ வேண்டாம். நாங்கள் ஒரு தெருமுனையில் தொடங்கி வலது கைப்பக்கமாகவே நடப்போம், இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று. இல்லையென்றால் கால்கள் தானாகவே நாய் இல்லாத வீட்டுக்கும் சிரிக்கிற முகத்துக்கும் போய்விடும். வசதியான தெரு, வசதி குறைந்த தெரு இரண்டும் இருக்கட்டும். பெரிய சர்வேக்களில் இதற்கென்றே வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின் இணைப்பு, மின்விசிறி, பிரிட்ஜ், விவசாய நிலம் என்று 11 பொருள்களில் எத்தனை இருக்கிறது என்பதையும் வைத்து வீடுகளை ஏ1 முதல் இ3 வரை பிரிப்பார்கள். 2011இல் வந்த முறை. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம்.

"பிடித்தது எது" என்ற வார்த்தையே வேண்டாம். "கடைசியாக வாங்கியது எது, எந்தக் கடையில், யார் வாங்கினார்கள்" என்று கேளுங்கள். அப்புறம் "கொஞ்சம் காட்ட முடியுமா?"

அடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒத்துவருகிற ஒரு வழி. பத்துப் புளியங்கொட்டை கையில் கொடுப்போம். பிராண்ட் பாக்கெட்டுகளை வரிசையாகத் தரையில் வைத்து, "அடுத்த பத்து தடவை வாங்கினால் எதை எத்தனை தடவை வாங்குவீங்க? கொட்டையை வைங்க" என்போம். திருமங்கலம் பக்கம் ஒரு பாட்டி ஒன்றில் ஆறு வைத்தார், இன்னொன்றில் மூன்று வைத்தார். மிச்சம் ஒன்றைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். "இது எதுக்கு பாட்டி?" "இது கடைக்காரன் கையில." அந்த ஒன்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன்.

கடைசியாக, நன்றிக்கு ஒரு பரிசு கொடுப்பீர்கள் அல்லவா? ஐந்து பிராண்டின் பாக்கெட்டும் ஒரே விலையில் பையில் இருக்கட்டும். "ஒண்ணு எடுத்துக்குங்க" என்று பையைத் திறந்து நீட்டுங்கள். வாய் சொன்னது ஒன்று, கை எடுத்தது ஒன்று என்றால் கையை எழுதிக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் வாத்தியார் | திருச்சி

அந்தப் பை யோசனைக்கு ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், அக்கா ஒரு வரியில் முடித்துவிட்டார். ஒன்று மட்டும்: கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் சாயங்காலம் ஒரு நடை திரும்பப் போகச் சொல்லுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் பொடி வீட்டிலேயே அரைக்கிறவர்கள் அதிகம் விழக்கூடும்.

பொடிக்காரன் | கரூர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். திண்டுக்கல்லில் இருக்கிற என் வீட்டுக்காரம்மாவின் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரை வைத்து எடுத்தோம். 60 வீடு. வாத்தியார் சொன்னபடி பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலமும் போனார்கள்.

60 பேரில் 22 பேர் கடைசியாக வாங்கியது எங்கள் பொடி என்று சொன்னார்கள். நானே பயந்துவிட்டேன், மறுபடியும் அதே கதையா என்று. அப்புறம் "காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார்கள்.

22 வீட்டில் எங்கள் பொடி இருந்தது 6 வீட்டில்.

7 வீட்டில் வேறு பிராண்ட் பாக்கெட் இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை, தீர்ந்துபோச்சு என்றார்கள்.

மீதி 9 வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அந்த அம்மாக்கள் உள்ளே போய் ஒரு சிவப்பு மூடி பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார்கள். எங்கள் டப்பாதான். மூன்று பொங்கலுக்கு முன்னால் அரைக் கிலோ வாங்கினால் டப்பா இலவசம் என்று போட்டோம், லேபிள் கெட்டியாக ஒட்டியிருந்தது, இன்னும் உரியவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது எங்கள் பொடி இல்லை. நிறமே வேறு. நான்கு வீட்டில் மிஷினில் கொடுத்து அரைத்த பொடி, மற்றதில் வேறு யாருடையதோ பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டியது. தினமும் சாம்பார் வைக்கும்போது கண் எதிரே எங்கள் பெயர், அதனால் வாயிலும் எங்கள் பெயர்.

பரிசுப் பையில் எங்கள் பாக்கெட்டை எடுத்தவர்கள் 60இல் 11 பேர். கிட்டத்தட்ட லைன் பையன் நோட்டில் இருந்த கணக்குதான்.

ஃபீல்டு அக்கா | மதுரை

அய்யோ அண்ணா! எந்தப் படிவத்திலும் டப்பாவுக்குக் கட்டம் கிடையாதே!

புள்ளியியல் வாத்தியார் | திருச்சி

60 வீடு சின்னது, அந்த எண்களை ஊருக்கே நீட்டாதீர்கள். ஆனால் டப்பாவைக் கண்டுபிடிக்க 60 போதும். வகுப்பில் சொல்லிக்கொள்ளலாமா? ஊர், பெயர் சொல்லமாட்டேன்.

ஏஜென்சிக்காரன் | கோவை

மூன்று வருடமாக அடுப்பு மேடையில் இலவச விளம்பரம் ஓடுகிறது, நீங்கள் அழுகிறீர்கள். இந்த இடத்துக்கு என் வாடிக்கையாளர்கள் லட்சம் லட்சமாகக் கொட்டுகிறார்கள்.

பொடிக்காரன் | கரூர்

விளம்பரம் ஓடுது சார், சரக்கு ஓடலையே. வாத்தியார் சார், தாராளமாகச் சொல்லிக்குங்க.

அண்ணாச்சி கடை | சென்னை

தம்பி, அந்த டப்பா எத்தனை கிராம் பிடிக்கும்? அதே அளவுக்கு ஒரு பாக்கெட் போட்டு, "உங்கள் டப்பாவுக்கு" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்பு. முன் ஆணியில் நான் தொங்கவிடுகிறேன். அப்புறம் பார்ப்போம்.

பொடிக்காரன் | கரூர்

500 கிராம் அண்ணாச்சி. சென்னைக்கு லைன் இல்லையே, பார்சல் சர்வீஸில் போடட்டுமா? முகவரி தனிமடலில் அனுப்புங்க.